தேன் வந்த வழி

பக்கத்துக்கு ஏழு ரூபாய்.
கோடைக்கானல் சபையின் பழைய பதிவேட்டைக்
கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
கரையான் தின்ற இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னார்கள்.
நிறையப் புள்ளிகள்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு, அக்டோபர்.
எல்ட்ரிட்ஜ் ஐயரின் மகள் புரூடன்ஸ்
மூன்று ராத்திரி கைகால் இழுத்துக் கிடந்தாள்.
வில்பட்டியில் கிழங்குச்செடி கருகிற்று.
இரண்டும் ஒரே மையில், ஒரே பத்தியில்.
அதற்குக் கீழே ஓர் "ஆகையால்".
அதை அடிக்கும்போது விரல் நின்றது.

நடுவில் செருகிய ஒரு பிரசங்கக் குறிப்பு:
பாஸ்டனுக்குப் பக்கம் ஐயரின் முப்பாட்டன்மார் ஊரில்
இருநூறு வருஷம் முன்னால்
சூனியக்காரிகள் என்று சிலரைத் தூக்கில் போட்டார்கள்.
பிற்பாடு தப்பென்று தெரிந்து
ஊரே ஒருநாள் உபவாசம் இருந்தது.
உபவாசத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.
கயிற்றுக்கு ஒரு வரி.
கம்பளிகளுக்கு அடியில் சுருண்டு
அதுவும் கப்பலேறி வந்திருக்கும்,
பெரியகுளத்திலிருந்து கூலிகள் சுமந்த பெட்டியில்.

உலகத்துக்கு முன்னமே தேவன் பெயர்களை எழுதிவிட்டார்,
உன் பெயர் உண்டா என்று உனக்குத் தெரியாது,
அடையாளம் தேடு என்பது ஐயரின் உபதேசம்.
நோயில்லாத பிள்ளை.
அழுகாத கிழங்கு.
ராத்திரி தூக்கம்.
தேடித் தேடிப் பழகிய கண்
சொந்த வீட்டில் ஒன்றும் அகப்படாமல்
ஓடைக்கு அந்தப்பக்கம் போயிற்று.

அங்கே வீரி.
பளியர் பெண், வயது "ஏறக்குறைய முப்பது".
வருஷா வருஷம் இரண்டு குடம் தேனும்
மெழுகும் கொண்டுவருகிறவள்.
அந்த வருஷம் ஒன்பது குடம்.

கேள்வி: இத்தனை தேன் உனக்குத் தந்தது யார்?
பதில்: பூ.
கேள்வி: எந்தப் பூ?
பதில்: (சிரித்தாள்.)

அடைப்புக்குறி அவர்களுடையது.
சிரித்தாள் என்பதன் கீழே இரண்டு கோடு.

மலை முழுக்க நீலமாய்க் கிடந்திருக்கும் அப்போது.
பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன், குறிஞ்சி பூத்த வருஷம் அது.
ஐயர் வந்து ஆறு வருஷம்தான்.
உபதேசியார் மாசிலாமணி திருமங்கலத்துக்காரர்.
அவர்களுக்குத் தெரியாது, சரி.
கூடியிருந்த பதினொரு பேரில்
மற்ற ஒன்பது பேரும் வில்பட்டி.
ஒன்பது கைநாட்டு,
ரேகை தேயாமல், துல்லியமாக.

ஜெபத்தைச் சொல்லச் சொன்னார்கள்.
பிசாசின் ஆள் என்றால் நாக்குத் தடுக்குமாம்.
"பரமண்டலம்" என்ற இடத்தில் தடுக்கிற்று.
எனக்கும் ஏழு வயதுவரை அங்கேதான் தடுக்கும்.
எனக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துத் திருத்தினார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஷகிலா
என் பிள்ளையைப் பார்த்து "என்னா கொழுகொழுன்னு" என்றாள்.
உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.
நெடி வந்தது, தும்மினோம்,
சாயங்காலம் அவளிடமே கறிவேப்பிலை வாங்கினேன்.
வில்பட்டியிலும் முன்பு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்:
ஒரு சேவல், ஒரு எலுமிச்சை, பேசித் தீர்த்துக்கொள்கிற பேய்கள்.
பேரம் பேசாத பிசாசைப்
புதுசாகக் கற்றுக்கொண்டார்கள்.
பழைய பயத்தைக் கைவிடவும் இல்லை.
நான் ஞானஸ்நானம் பெற்றவள்தான்,
மிளகாயைப் பாஸ்டரிடம் சொல்லமாட்டேன்.

"மேற்படி ஸ்திரீ மலையைவிட்டு அகற்றப்பட்டாள்."
எந்தப் பாதையில், எந்த நேரத்தில்,
உயிரோடா?
புள்ளி, புள்ளி, புள்ளி.
கரையான் எப்படி இந்த இடத்தைக் கண்டுபிடித்தது!

அடுத்த பதிவு நவம்பர்.
புரூடன்ஸுக்கு மறுபடி இழுப்பு.
கிழங்குக்கு விதை மாற்றத் தீர்மானம்.
மெழுகு வரத்து இல்லாமையால்
சாயங்கால ஆராதனை
வெளிச்சம் உள்ளபோதே முடிக்கப்படும்.

படிவத்தில் "காரணம்" என்றொரு கட்டம்.
மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்:
இடமாற்றம், மரணம், ஒழுங்கு நடவடிக்கை.
காலியாக விட்டுச் சேமித்துப் பார்த்தேன்.
சிவப்பாகிறது.
இந்தப் புலம் கட்டாயம் என்கிறது.

பூ, என்று அடித்தேன்.
ஏற்கவில்லை.
ஏழு ரூபாய் போனால் போகிறது,
இன்னொரு தடவை அடிக்கிறேன்.